கப்பலுக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணி

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவளின் பல்லுக்கிடையில் டேப் சுருளின் நுனி இருந்தது. அதனால்தான் ஷெட் வாசலில் நின்று அண்ணன் சொன்னதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தால் அந்த நாள் சண்டையில்தான் விடிந்திருக்கும்.

"இன்னிக்குச் சாயங்காலம். ஞாபகம் இருக்கில்ல?"

"ம்."

"துணியில ஒரு சொட்டு விழுந்தாலும் அவ்வளவுதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"ம்ம்ம்!"

பாலிஷ் போட்ட அவனுடைய ஷூ இரண்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. மேலே ஒரு செருமல் கேட்டது. பிறகு ஷூக்கள் வீட்டுக்குள் போயின.

ஏன் இந்தக் கெடு? வாரா வாரம் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காருக்கு வீட்டில் வைத்த பெயர் கப்பல். பாலேட்டு நிறம், நீண்ட மூக்கு, குடும்பமே படுத்துத் தூங்கலாம் என்கிற மாதிரி பின்சீட்டு. கல்யாண ஜோடிகளை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போவதுதான் அதன் தொழில். ஓட்டுகிறவர் அம்மா. போன வருஷம் மாடிப்படியில் உருண்டு விழுந்ததில் அம்மாவின் தோள்பட்டை உடைந்து, ஆபரேஷன் ஆகி, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறது. தலை வாரிவிட அப்பா வேண்டும். மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க அப்பா வேண்டும். ஆனால் கப்பலை ஓட்ட மட்டும் யாரும் வேண்டாம். அதன் பவர் ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றிவிடலாம்.

அந்த ஸ்டியரிங்கின் கியர்பாக்ஸ்தான் ஒழுக ஆரம்பித்தது. உள்ளே ஓடும் எண்ணெய் சிவப்பு. ஊரிலேயே பெரிய ஹோட்டலின் வெள்ளைக் கல் முகப்பில் அது சொட்டி, தேய்த்தாலும் போகாத கறையாகி, மணப்பெண்ணின் உடை ஓரத்திலும் ஒட்டிக்கொண்டது. அன்றோடு ஹோட்டல் மேனேஜர் கப்பலுக்குக் கதவை அடைத்துவிட்டார். இந்த ஊரில் கல்யாண ஜோடிகள் வந்து இறங்குவதே அந்த முகப்பில்தான் என்பதால், கப்பலின் பிழைப்பும் அன்றோடு நின்றது.

கெஞ்சிக் கூத்தாடியதில் அவர் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். எஞ்சின் சூட்டோடு வந்து, முகப்பில் விரித்த வெள்ளைத் துணிமேல் கப்பல் நிற்க வேண்டும். அவர் மாலை டீயைக் குடித்து முடிக்கும்வரை ஒரு சொட்டும் விழக் கூடாது.

விழுந்தால்? படப்பிடிப்புகளுக்குச் சாமான் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியிடம் அண்ணன் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். அவர்களுக்குக் கார் ஓட வேண்டியதில்லையாம், நின்றால் போதுமாம். எஞ்சினைக் கழற்றிவிடுவார்களாம். அதைக் கேட்ட அன்று அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்:

"நிக்கறதுக்கு அது என்ன நாற்காலியா?"

அந்தக் கேள்விதான் மகளைக் காருக்கு அடியில் தள்ளியது. வீட்டில் அவளுக்கு லிஃப்ட்காரி என்று பெயர். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் லிஃப்ட்டுகளுக்கு ஆயில் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், மாற்றிப் பழகிய கை. "சீல்தானே, ஊதித் தள்ளிடலாம்" என்றுதான் போன வாரம் இறங்கினாள். ஊதித் தள்ளியது என்னவோ கப்பல்தான். மாட்டிய புது சீல் மறுநாளே ஒழுகியது.

ஏன் என்று கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கியர்பாக்ஸிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட்டின் நுனியில் சுற்றிலும் கூரிய பற்கள் உண்டு. சீலை அந்தப் பற்களைத் தாண்டித்தான் மேலே ஏற்ற வேண்டும். இவள் அவசரத்தில் அப்படியே ஏற்றிவிட்டாள். ரப்பரின் மெல்லிய உதட்டைப் பற்கள் கீறிவிட்டன. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவள் பதறினாள், அது சிதறியது.

இன்று கையில் இருப்பது கடைசி சீல். இந்தக் காருக்கு இனி எந்தக் கடையிலும் கிடைக்காது.

சூடு கண்ட பூனை இந்த முறை நிதானமாக இருந்தது. ஷாஃப்ட்டின் பற்களின் மேல் டேப்பை இறுக்கிச் சுற்றினாள். விரலால் தடவிப் பார்த்தாள். எங்கேயோ ஒரு முனை குத்தியது. இன்னொரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி தடவினாள். குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. சீலின் உதட்டில் சிவப்பு எண்ணெய் தொட்டுத் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல மேலே ஏற்றினாள்.

சீல் வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் வாய் வைத்தது. அளவாக வெட்டிய குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி உட்கார வைத்தாள். அதன்மேல் வாஷர். அதையும் பிடித்து நிறுத்த லாக் ரிங். ரிங் தன் பள்ளத்தில் விழுந்த சத்தம் ஷெட்டில் எதிரொலித்தது.

"உட்கார்ந்துடுச்சு!" என்று கத்தினாள்.

"கடவுளே!" என்றது அம்மாவின் குரல். அம்மா அவ்வளவு நேரமும் காரின் மூக்குக்கு முன்னால் முக்காலி போட்டு, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பற்களின் மேல் சுற்றிய டேப்பை உரித்தாள். சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கையை, கழற்றும்போது போட்டு வைத்த உளிக் குறிக்கு நேராக மாட்டி, நட்டை முறுக்கிவிட்டு வெளியே வந்தாள். முன்சக்கரங்கள் தரையைத் தொடாமல் முட்டுக்கொடுத்து நின்றன. இனி எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்ற ஒரு ஆள் வேண்டும்.

"நான்தான் சுத்துவேன்," என்று அம்மா ஏற்கெனவே சீட்டில் ஏறியிருந்தார்.

"தோள் வலிக்கும்மா."

"சக்கரம் அந்தரத்துலதானே இருக்கு? என்ன பாரம்? நீ எண்ணெயைப் பாரு."

இடது, வலது, இடது, வலது. எண்ணெய் டப்பாவில் குமிழிகள் மேலே வந்து வெடித்தன. அளவு இறங்க இறங்க அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். குமிழி குறைந்தது, பிறகு நின்றது. எஞ்சினைப் போட்டு மறுபடி சுற்றினார்கள்.

சுற்றிக்கொண்டே அம்மா கேட்டார். "ஏன் கண்ணு, மலைப்பாதை தாங்குமா இது? வளைவு மேல வளைவா வரும்."

"எந்த மலைம்மா? நம்ம வீட்டுக்கும் ஹோட்டலுக்கும் நடுவுல வேகத்தடையை விட்டா மேடே கிடையாதே?"

"சும்மா கேட்டேன்."

அம்மா சும்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அதை நினைக்க அப்போது நேரமில்லை. டப்பா மூடியில் இருக்கும் அளவுக் குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தாள். மேல்கோட்டுக்கு மயிரிழை கீழே எண்ணெய் நின்றது. கணக்குப் போட்டுத்தான் அப்படி நிறுத்தினாள், எண்ணெய் சூடானால் பொங்க இடம் வேண்டுமே. மூடியைத் திருகிவிட்டுக் குளிக்கப் போனாள்.

கையிலிருந்த கருப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, ஷெட்டுப் பக்கம் டப்பென்று பானட் மூடும் சத்தம் கேட்டது. அம்மா துடைக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். தலை துவட்டும்போது மறுபடியும் ஒரு டப். சீப்பைத் தேடும்போது இன்னொன்று. இன்றைக்குக் கப்பலுக்கு ராஜ மரியாதைதான் என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கலாம்.

பிற்பகலில் அம்மாவும் மகளும் கப்பலை வெளியே எடுத்தார்கள். தெருமுனையில் முட்டுச் சந்து ஒன்று இருக்கிறது. அதில் சின்னக் கார்களே முன்னும் பின்னும் போய்த் திண்டாடும். அம்மா உள்ளே விட்டு, ஆட்காட்டி விரலை ஸ்டியரிங்கில் கொக்கி போட்டு, அவ்வளவு பெரிய உடம்பை ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு வந்தார். காய்கறிக்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"பார்த்தியா, வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி இறங்குது!" மாடிப்படியில் விழுவதற்கு முந்தைய வயது அம்மாவின் முகத்தில் வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் மகள். கம்பெனியில் எத்தனையோ லிஃப்ட்டை மேலே ஏற்றியிருக்கிறாள். ஒரு மனுஷியை இப்படி மேலே ஏற்றியது இதுதான் முதல் தடவை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் கப்பலுக்கு அடியில் புது அட்டை ஒன்றைத் தள்ளினாள். அப்பா மருந்துக்கடையை மதியத்தோடு சாத்திவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு பை. எதற்கோ அதை டிக்கியில் வைத்து மூடினார். அண்ணனும் வந்துவிட்டான். அவன் பெரிய ஜவுளிக்கடையில் மேலாளர். ஆனால் பார்க்கிறதில் எல்லாம் குறை கண்டுபிடிப்பான் என்பதால் வீட்டில் ஆடிட்டர். அவனுடைய அக்குளில் வெள்ளை மல் துணிச் சுருள் ஒன்று.

"கிளம்பலாமா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

அட்டையில் ஒரு சிவப்புச் சொட்டு.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கியர்பாக்ஸின் அடியில் இன்னொரு சொட்டு திரண்டு, தொங்கி, பக்கத்திலேயே விழுந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

அம்மா மட்டும் சீட்டிலிருந்து இறங்காமல், கையை ஸ்டியரிங்கின் மேல் வைத்து, நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டுடுடி," என்றான் அண்ணன். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னான். "உன்னால முடிஞ்சதைப் பண்ணிட்ட. அந்தக் கம்பெனிக்காரங்க வேற இன்னிக்குள்ள பதில் சொல்லச் சொல்றாங்க."

"உனக்கு எப்ப இது போகும்னுதான் இருக்கு!"

"ஆமா, அப்படித்தான் வச்சுக்கோ."

"டேப் சுத்தினேன் அண்ணா! ஒரு கீறல் விழலை. என் விரல்ல பார்த்தேன். அது ஒழுகாது. ஒழுகவே ஒழுகாது!"

"கண்ணு முன்னாடி சொட்டுது. அதை யாருகிட்ட சொல்றே?"

அவளுக்கு அழுகை வந்தது. அதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே மறுபடி காருக்கு அடியில் போய்ப் படுத்தாள். முகத்துக்கு நேர் மேலே கியர்பாக்ஸ், அதன் அடியில் அடுத்த சொட்டு. இரண்டு தடவை தோற்றுப்போனவள் என்று தன்னையே ஒரு முறை திட்டிக்கொண்டாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, பழக்க தோஷத்தில் அந்தச் சொட்டை விரலால் துடைத்தாள்.

துடைத்த விரல் அப்படியே நின்றது.

சொட்டு தொங்கியது கியர்பாக்ஸின் ஓரத்தில். சீல் இருப்பது நடுவில். அவளுடைய கம்பெனியில் வேலைக்குச் சேரும் அன்றைக்கே காதில் ஓதுவார்கள்: சொட்டு விழுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற. மேல் மாடியில் கசியும் எண்ணெய் கீழ் மாடியில்தான் சொட்டும்.

"அப்பா! பவுடர் வேணும்!"

"எந்தப் பவுடர்? வேர்க்குருவுக்கா, புண்ணுக்கா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"முகத்துக்குப் போடறது! டப்பாவோட!"

அப்பா ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்ததை எடுத்து வந்தார். அது அண்ணன் கடைக்குப் போகும்போது பூசிக்கொள்ளும் வாசனைப் பவுடர். அண்ணன் வாயைத் திறந்தான். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

கியர்பாக்ஸ், குழாய்கள், எண்ணெய் டப்பா எல்லாவற்றையும் ஒரு துளி ஈரமில்லாமல் துடைத்தாள். பிறகு பவுடரைக் கொட்டி, ஊதி, எல்லா இடத்திலும் படிய விட்டாள். கருத்த இரும்பெல்லாம் வெளுத்துவிட்டது. ஷெட் முழுக்க மல்லிகை மணந்தது.

"அம்மா, எஞ்சினைப் போடு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுத்து."

அம்மா சுற்றினார். மகள் கீழே டார்ச் அடித்தபடி காத்திருந்தாள். சீலைச் சுற்றிப் படிந்த பவுடர் உலர்ந்தே கிடந்தது. இன்னும் கிடந்தது. இன்னும்.

அப்போது மேலேயிருந்து, வெள்ளைக் குழாயின் முதுகில், ஒரு சிவப்புக் கோடு நிதானமாக இறங்கி வந்தது. குழாய் வழியே வந்து, கியர்பாக்ஸின் தோளில் ஏறி, ஓரத்தில் சறுக்கி, அடியில் போய்த் தொங்கியது.

"அங்கேயே நில்லு திருடா!" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தாள். கோட்டைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனது அவள் விரல். கியர்பாக்ஸ், குழாய், அதற்கு மேலே எண்ணெய் டப்பா, அதன் மூடி. மூடியில் உள்ள சின்னக் காற்றுத் துளையிலிருந்து சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது.

எஞ்சினை நிறுத்தச் சொல்லி மூடியைத் திறந்தாள். எண்ணெய் கழுத்துவரை தளும்பிக்கொண்டிருந்தது.

"மேல்கோட்டுக்குக் கீழ நான் நிறுத்தி வச்சேனே," என்றாள் மெதுவாக. "யார் ஊத்தினது?"

அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டார். அண்ணன் துணிச் சுருளை ஆராய்ந்தான்.

"யாருன்னு கேட்டேன்."

"ஒரு மூடிதான்," என்றார் அப்பா. "இருமல் மருந்து மூடி இருக்கில்ல, அதால. தினமும் காலைல கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஊத்துவேன். உங்கம்மாவுக்குத் தெரியாம. பாவம், தினமும் எவ்வளவு ஒழுகுதுன்னு தெரிஞ்சா ராத்திரியெல்லாம் தூங்க மாட்டா. அந்தப் பழக்கத்துல இன்னிக்கும்..."

"நான்தான் ஊத்தறேனே தினமும்!" என்று அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எண்ணெய் எவ்வளவு குறையுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா என்னை ஓட்ட விட மாட்டீங்கன்னு நான் ஒளிச்சு ஒளிச்சு ஊத்திக்கிட்டிருந்தேன். இன்னிக்கும் கண்ணளவுக்குக் கொஞ்சம் விட்டேன். புது சீல் தாகமா இருக்குமேன்னு..."

"சீல் எண்ணெய் குடிக்காதும்மா!"

அவள் குளிக்கும்போது கேட்ட சத்தம் மூன்று. இரண்டுக்குக் கணக்குக் கிடைத்துவிட்டது. மூன்றாவது? அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கையைப் பின்னால் கொண்டுபோனான். அந்த அவசரம்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது. எட்டிப் பிடித்து முன்னால் இழுத்தாள். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையின் கை ஓரத்தில், பொட்டு வைத்த மாதிரி, சிவப்பாக ஒரு கறை.

"நீயா அண்ணா?"

ஊருக்கே குறை சொல்லும் ஆடிட்டர் கறையை உள்ளங்கையால் மூடினான்.

"அரை டம்ளர்," என்றான் கடைசியில். "ஒவ்வொரு நாளும்தான். ஒழுக ஆரம்பிச்சதுலேர்ந்து."

"உனக்கு இந்தக் காரே பிடிக்காதே?"

"யார் சொன்னது உனக்கு?" அவன் குரல் உடைந்தது. "வளைவுல போகும்போது எண்ணெய் தீர்ந்து ஸ்டியரிங் இறுகிப்போச்சுன்னா? அந்தத் தோளை வச்சுக்கிட்டு அம்மா என்ன பண்ணுவாங்க? தினம் கடையில உட்கார்ந்து போன் அடிக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு என்னமோ ஆச்சோன்னு ஓடிப்போய் எடுப்பேன். அம்மா முழுசா வீட்டுக்கு வந்தாப் போதும்னுதான் விக்கச் சொன்னேன். கார் மேல எனக்கு என்ன கோபம்?"

இத்தனை வாரம் இவனை எதிரிக் கட்சி என்று நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷம் வந்தது. அதற்கும் மேலே சிரிப்பு வந்துவிட்டது.

"நானும்தான்," என்றாள். "ரிப்பேர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி, வேலைக்குப் போறப்போ நானும் கொஞ்சம் ஊத்துவேன்."

அம்மா முதலில் சிரித்தார். தோள் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். ஊர் கூடித் தேர் இழுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். வீடு கூடி, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஒரே டப்பாவில் எண்ணெய் ஊற்றிய குடும்பம் இதுவாகத்தான் இருக்கும்.

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு," என்றார் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இதை ஊத்தறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே," என்றார் அம்மா.

பாவத்துக்குப் பரிகாரமும் அப்பாவே செய்தார். வீட்டுக்குள்ளிருந்து பெரிய ஊசிக்குழல் ஒன்றைக் கொண்டுவந்து, நுனியில் மெல்லிய குழாய் மாட்டி, நோயாளிக்கு மருந்து எடுக்கிற கவனத்தோடு எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். மயிரிழை கீழே வந்ததும் மகள் மூடியைத் திருகினாள். பவுடரையும் எண்ணெயையும் சுத்தமாகத் துடைத்தாள். பிறகு கப்பலைச் சுற்றி நின்ற எல்லோரையும் விரலை ஆட்டி எச்சரித்தாள்.

"இனிமே இந்த மூடியில யார் கை பட்டாலும் கையை உடைப்பேன்."

"என் கை ஏற்கெனவே உடைஞ்சதுதான்," என்றார் அம்மா.

ஹோட்டல் முகப்பில் மேனேஜர் காத்திருந்தார். பழைய கறை இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை நகர்த்தி வைத்திருந்தார்கள். அண்ணன் யாரையும் தொடவிடாமல் தானே முழங்காலிட்டு, ஜவுளிக்கடைக் கையால் சுருக்கமில்லாமல் துணியை விரித்தான். அம்மா ஊரைச் சுற்றி எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு வந்து, துணி கசங்காமல் கப்பலை அதன்மேல் நிறுத்தினார்.

"எங்கே, என் டீ?" என்றார் மேனேஜர்.

டீ வந்தது. உலகத்தில் அவ்வளவு மெதுவாக டீ குடிக்கிற மனிதரை அந்தக் குடும்பம் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊதினார், ஒரு வாய் குடித்தார், கோப்பையைக் கீழே வைத்து யாருக்கோ போன் பேசினார். மறுபடி ஊதினார். லிஃப்ட்காரிக்குத் துணியைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். அவளுக்குத் தெரியாமலே அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனும் விடவில்லை.

கோப்பை காலியானது. அப்பாடா என்று நிமிர்ந்தால், அந்த மகானுபாவர் கெட்டிலிலிருந்து இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார்.

"சார்!" என்றான் அண்ணன்.

"டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும்னுதான் சொன்னேன். எத்தனை கோப்பைன்னு சொல்லலையே?" என்றார் அவர். உறிஞ்சி உறிஞ்சி அதையும் முடித்தார். பிறகு கோட்டைக் கழற்றி வேலையாளிடம் கொடுத்துவிட்டு, டார்ச் வாங்கிக் குனிந்தார். முன்பக்கம் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். கையை உள்ளே விட்டுத் துணியைத் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்தார். விரல் சுத்தமாக இருந்தது. முகர்ந்தும் பார்த்தார்.

"என்னது, காருக்கு அடியில மல்லிப்பூ வாசனை வருது?"

"அது எங்க அண்ணனோட பவுடர் சார்," என்றாள் லிஃப்ட்காரி.

மேனேஜருக்குப் புரியவில்லை. ஆனாலும் எழுந்து நின்று, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, அம்மா உட்கார்ந்திருந்த ஜன்னல் பக்கம் போனார்.

"நாளன்னிக்கு ஒரு ஜோடி வர்றாங்க மேடம். வாசல்லயே கொண்டு வந்து நிறுத்துங்க. அந்தப் பூந்தொட்டியை எடுத்துடச் சொல்றேன்."

வாசலில் நின்ற வேலையாட்கள் கைதட்டினார்கள். அம்மா ஹாரனை ஒரு நீட்டு நீட்டினார். கப்பலின் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாசம் ஆயிற்று! லிஃப்ட்காரி அழுதாள். இந்தத் தடவை யாருக்கும் மறைக்கவில்லை. கடைசி சீல், அவள் கையால் உட்கார வைத்த சீல், நின்றுவிட்டது. அம்மாவுக்குக் கார் இருக்கிறது, காருக்கு எஞ்சின் இருக்கிறது.

அண்ணன் போனை எடுத்து அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டான். "சார், மன்னிச்சுக்கோங்க. கார் கிடைக்காது." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முகப்பில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "ஏன்னா அது ஓடுது!"

"என்னங்க, ஏறுங்க," என்றார் அம்மா.

அப்பா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பிள்ளைகள் துணியைச் சுருட்டிவிட்டுப் பின்சீட்டுக்கு வருவதற்குள், அம்மா விரலைக் கொக்கி போட்டு ஒரு வட்டம் அடித்தார். கப்பல் அவர்களைத் தாண்டி வாயிலுக்குப் போனது.

"அம்மா! நாங்க ஏறலை!"

அப்பாவின் கை வெளியே வந்து டாட்டா காட்டியது. வீட்டுக்குப் போக வலது பக்கம் திரும்ப வேண்டும். கப்பல் இடது பக்கம் திரும்பியது.

"வழி தப்பிட்டாங்களா?" என்றான் அண்ணன்.

லிஃப்ட்காரிக்கு அம்மா காலையில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. வளைவு மேல வளைவா வரும். டிக்கியில் அப்பா வைத்த பையும் நினைவுக்கு வந்தது. மருந்துக்கடையை அவர் மதியத்தோடு சாத்தி இதுவரை அவள் பார்த்ததே இல்லை.

"அண்ணா, அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அந்தப் பக்கம் மலைதான் இருக்கு. அங்க நமக்கு யாருமே கிடையாதே!" அவன் பதறிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "ஏய், நாளன்னிக்குச் சவாரி வேற இருக்கு. இருட்டப் போகுது. அவ்வளவு வளைவும் தாங்குமா அது?"

அவள் துணியின் ஒரு ஓரத்தை அவனிடம் கொடுத்தாள். இன்னொரு ஓரத்தைத் தான் பிடித்து, இருவருமாக உதறி விரித்துப் பார்த்தார்கள். டயர் ஏறிய மண்தடம் இரண்டு. நடுவில் வெள்ளையைத் தவிர வேறொன்றுமில்லை.

"தாங்கும்," என்றாள்.